சாந்தோம் நந்தியாவட்டை

அடையாறு காந்தி நகரில் சென்னை மாநகர உளநல ஆலோசனை மன்றம் என்று ஒன்று இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதைத் திறந்தபோது, மனக்கஷ்டம் உள்ளவர்கள் வந்து சொல்லி அழுவதற்கென்று ஒரு கட்டடம் வேண்டும் என்பதே பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. அதுவரை ஜனங்கள் எங்கே முடிகிறதோ அங்கே அழுதுகொண்டிருந்தார்கள்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கருணாகரன் தன் பங்களாக்களில் ஒன்றை மன்றத்துக்குக் கொடுத்துத் தலைவரானார். மயிலாப்பூர்க்காரரான டாக்டர் ராஜகோபாலன் வெளிநாட்டுக்குப் போய் ஒரு கோடைக்காலம் முழுவதும் பயிற்சி பெற்றுத் திரும்பிவந்து தலைமை ஆலோசகரானார். அவர் எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால், இப்படிக் கேட்கத் தோன்றியதற்கு மனசுக்குள் என்ன காரணம் என்று அவர் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்ற பயம்.

மன்றத்துக்கு இருந்த ஒரே கவலை ரகசியம். ‘இங்கே சொன்னது இங்கேயே இருக்கும்’ என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். ஆலோசனைக்கு வருகிறவர்கள் முன்கேட் வழியாக வந்தால் நாலு பேர் பார்த்துவிடுவார்கள் என்று, அவர்களுக்காகப் பின்கேட் ஒன்றைத் திறந்தார்கள். அதனால் பின்கேட்டில் நுழைகிற ஆளுக்கு மூளை சரியில்லை என்பது தெருவுக்கே தெரிந்துபோயிற்று. பால்காரர்கூட முன்கேட்டுக்கு மாறிக்கொண்டார்.

வருகிறவர்களின் சொந்தப் பெயரை உள்ளே உச்சரிக்கக்கூடாது. ஆளுக்கொரு பூவின் பெயரை வைத்தார்கள். சென்னையில் மனக்கஷ்டம் அதிகம், பூக்கள் குறைவு. சீக்கிரமே இரண்டு மூன்று பேருக்கு ஒரே பூ என்ற நிலைமை வந்துவிட்டது. குழப்பத்தைத் தவிர்க்க, பூவோடு பேட்டையையும் தொழிலையும் சேர்த்துக் கூப்பிடுவது என்று செயற்குழு கூடித் தீர்மானித்தது. லூயிசா முதல்முதலாக அங்கே போன நாளில் பியூன் மெஹபூப் அலி கூடத்தில் நின்று, “சாந்தோம் நந்தியாவட்டை, இஸ்கூல் டீச்சர், உள்ள வர்லாம்” என்று கூவினார். காத்திருந்தவர்களெல்லாம் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த தி.நகர் செம்பருத்தி, ஜவுளிக்கடை, மட்டும் மரியாதையாகத் தரையைப் பார்த்துக்கொண்டான். அவன் பெயர் இசக்கிமுத்து என்பதும் கருணாகரன் கடை விற்பனையாள் என்பதும் சற்று முன்புதான் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவனையும் கூவித்தான் கூப்பிட்டிருந்தார்கள்; கேட்டவர்களில் யாரோ அவனை அடையாளம் கண்டு பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

லூயிசா நான்காம் வகுப்பு டீச்சர். நாற்பதை நெருங்குகிறவள், கல்யாணம் ஆகாதவள். சில நாள் முன்பு பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள், கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே அழ ஆரம்பித்துவிட்டாள். பிள்ளைகள் பயந்துபோய்த் தலைமையாசிரியையைக் கூட்டிவந்தார்கள். அந்த அம்மாள்தான் மன்றத்தைப் பற்றிச் சொல்லி அனுப்பிவைத்தார்.

அழுகைக்குக் காரணம் தம்பி வால்டர். கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன், போன இடத்தில் மனசு கலைந்து திரும்பி வந்திருந்தான். கோயிலுக்கு வருகிற சனங்கள் எல்லாரும் அவன் இன்னும் கப்பலில் இருப்பதாகத்தான் நம்பினார்கள். யாராவது கேட்டால் லூயிசா வாய்க்கு வந்த துறைமுகத்தின் பெயரைச் சொல்லிவைப்பாள். வால்டர் பின்னறையில் இருந்தான். கத்துகிறவன் அல்ல, அடிக்கிறவன் அல்ல. சுவரோடு மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பான். தனியே வெளியே போனால் வழி தெரியாமல் நிற்பான் என்று, அவள் பள்ளிக்கூடம் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவாள்.

முன்போர்ஷனில் இருந்த வீட்டுக்காரி சரோஜாதேவி, பெண்பிள்ளைகள் புழங்குகிற இடத்தில் பைத்தியம் கியித்தியம் உள்ளவர்களை வைத்துக்கொள்ள முடியாது என்று ஏற்கெனவே ஒரு குடும்பத்தைக் காலி செய்ய வைத்தவள். விஷயம் தெரிந்தால் வீடு போய்விடும். ஒரு வீட்டில் தெரிந்தால் அந்த வட்டாரத்தில் வேறு வீடும் கிடைக்காது. கடைசியில் வால்டரை ஆஸ்பத்திரியில்தான் கொண்டுபோய் விட வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்தாலே அவன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். என்ன ஆனாலும் அவனை அங்கே விடுவதில்லை என்று லூயிசா முடிவு செய்திருந்தாள்.

ஆலோசகரின் அறைக்குள் போனதும் அவள் ஒரு தப்பு செய்தாள். அறை இருட்டாக இருந்தது, நடுவில் ஒரு தட்டி மறைப்பு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல். பிறந்ததிலிருந்து சனிக்கிழமை தோறும் பாவசங்கீர்த்தனம் செய்து பழகியவள் தன்னையறியாமல் முழங்காலிட்டு, சிலுவை போட்டுக்கொண்டாள். கோயிலில் சாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம். பாவத்தை உரக்கத்தான் சொல்ல வேண்டும். ஆனால் வரிசையில் நிற்கிறவர்கள் ஜெபமாலையை அதைவிட உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்படிச் சொல்லும்படி யாரும் அவர்களுக்குச் சட்டம் போட்டதில்லை. அந்தப் பழக்கத்தில், இந்த அறையும் அதே மாதிரிதான் என்று அவள் நினைத்துவிட்டாள். டாக்டர் தட்டியைச் சுற்றிவந்து அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். முழங்காலிட்டது மிகவும் அபூர்வமான அறிகுறி என்று சொல்லி மகிழ்ந்தார்.

அவள் வால்டரைப் பற்றிச் சொன்னாள். பிறகு, யாரிடமும் சொல்லாததையும் சொன்னாள்.

“அன்னிக்கு அவன உள்ள வெச்சுப் பூட்டிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன் சார். ஸ்கூலுக்குப் போற பஸ் வந்துச்சு, நான் ஏறல. பின்னாடியே தாம்பரம் பஸ் வந்துச்சு. இதுல ஏறி, அங்கேர்ந்து ரயில் புடிச்சு எங்கியாவது போயிட்டா என்னன்னு நெனச்சேன். அவன் உள்ள இருக்கான்னு மறந்துபோயி நெனக்கல சார். ஞாபகம் இருக்கும்போதேதான் நெனச்சேன்.”

டாக்டர் நெடுநேரம் ‘ம்’ என்றார். அதுதான் பயிற்சி. கடைசியில், இந்த வார்த்தைகள் இந்த நாற்காலியைத் தாண்டாது என்றார். லூயிசாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. போகிற வழியில் வஞ்சிரம் வாங்கிப்போய்ப் பொரித்து வால்டருக்கு வைத்தாள். அவன் முள் எடுத்துச் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மன்றத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை அனுபவப் பகிர்வு மாலை என்று ஒன்று நடக்கும். கௌரவ ஆலோசகர்கள் வருவார்கள். இவர்கள் யாரென்றால், மயிலாப்பூரிலும் தி.நகரிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்த பெரிய இடத்துப் பெண்மணிகளும், ஓய்வுபெற்ற பின் வீட்டில் தங்கள் பேச்சு எடுபடாமல் போன அதிகாரிகளும். போண்டாவும் காப்பியும் உண்டு. டாக்டர் புதிதாக வந்த ஒரு மனக்கஷ்டத்தை எடுத்து விளக்குவார். மற்றவர்கள் தொண்டுள்ளத்தோடு மென்றுகொண்டே கேட்பார்கள். அந்த மாதம் அவர் நந்தியாவட்டையை எடுத்துக்கொண்டார். முழங்காலிட்ட இடத்தை நடித்தே காட்டினார் என்று கேள்வி.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் பங்கஜம் மாமி லூயிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியின் பெண் லூயிசாவின் வகுப்பில்தான் படித்தது. மாமி ஒரு கௌரவ ஆலோசகர். கண்ணில் கனிவு வழிந்தது.

“தைரியமா இருங்கோ டீச்சர். நாங்கள்லாம் இருக்கோம். அந்தத் தாம்பரம் பஸ்ல மட்டும் ஏறிடாதேங்கோ.”

லூயிசா மாமியின் கைக்குள்ளிருந்து தன் கையை இழுத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றாள். தான் பஸ் ஸ்டாண்டில் நின்ற அந்த ஒரு நிமிஷத்தை, எண்ணெய்க் கையோடு யார் யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. அன்று சாயங்காலமே அடையாறுக்குப் போனாள். இந்தத் தடவை முன்கேட் வழியாகப் போனாள்.

டாக்டர் ராஜகோபாலனுக்கு அவள் கோபம் விளங்கவில்லை. மனசு நொந்துபோனார்.

“பேரை மாத்தித்தானேம்மா சொன்னேன்? வால்டர்னா சொன்னேன்? வில்சன்னுதான் சொன்னேன். நீங்க சாந்தோம்னு சொன்னேன், டீச்சர்னு சொன்னேன், நாலாம் கிளாஸ்னு சொன்னேன். பேரைச் சொல்லலியே. கேட்டுண்டிருந்தவா அத்தனை பேரும் அழுதா, தெரியுமோ? நம்ம செயலாளர் சுந்தரவல்லி அம்மா ரெண்டாவது போண்டாவைத் தொடவே இல்லை. ஒருத்தர் கஷ்டத்துக்கு இத்தனை பேர் அழறதுன்னா சாமான்யமா?”

லூயிசா, தம்பி இருப்பது வெளியே தெரிந்தால் வீடு போய்விடும் என்று மறுபடி சொன்னாள். இனிமேல் யாரும் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டாள். அப்போது உள்ளே வந்த தலைவர் கருணாகரன் அதைக் கேட்டுவிட்டார். ரகசியம் மீறப்பட்டது என்ற குற்றச்சாட்டை மன்றம் சும்மா விட முடியாது, நெறிமுறைக் குழு விசாரித்தே தீரும் என்றார். விசாரணை எதுவும் வேண்டாம், பேசாமல் விட்டால் போதும் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். பேசாமல் விடுவதற்கு மன்றத்தின் விதிகளில் இடமில்லை.

டாக்டரின் நேர்மைக்குத் தானே சாட்சி என்று கருணாகரன் அவளிடம் விளக்கினார்.

“இங்க பாருங்கம்மா, நான் யாவாரி. என் கடையில வேலை பாக்குத பயலுவள நான்தான் இங்க அனுப்புதேன். இசக்கிமுத்து தனிக்கடை போடுததுக்கு ரோசன பண்ணுதான்னு டாக்டர் சொல்லலேன்னா எனக்கு எப்படித் தெரியும்? நேத்துதான் அவனக் கணக்கத் தீத்து அனுப்புனேன். அதுக்காவ டாக்டர் வெளிய சொல்லிட்டாருன்னு ஆயிருமா? எங்கிட்டதான சொன்னாரு.”

டாக்டர் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையனின் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது என்பது லூயிசாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நெறிமுறைக் குழு கூடியது. செயலாளர் சுந்தரவல்லி, சர்க்கார் உத்தியோகத்தில் பெரிய பதவி பார்த்து ஓய்வுபெற்றவர். நியாயம் என்றால் அவருக்கு உயிர். குழுவில் பாதிப் பேர் பகிர்வு மாலைக்கு வராதவர்கள். ஆகவே முதலில் ரகசியம் என்ன என்பதைப் புகார்தாரர் குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று சுந்தரவல்லி ஆரம்பித்தார். சொல்ல மாட்டேன், அது வெளியே போய்விட்டது என்றுதானே வந்து நிற்கிறேன் என்றாள் லூயிசா.

“எதும்மா வெளிய போச்சு? அது தெரிஞ்சாத்தானே, போனது அதுதானான்னு நாங்க பாக்க முடியும்?” என்றார் சுந்தரவல்லி.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். சரி, சாட்சிகளைக் கூப்பிடுவோம் என்று முடிவாயிற்று. போண்டா தின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, தாங்கள் கேட்டதைச் சொன்னார்கள். விசாரணை நடப்பதைக் கேள்விப்பட்டு, சம்பந்தமே இல்லாதவர்களும் சாட்சி சொல்ல வந்தார்கள். ஒரு முன்னாள் அதிகாரியின் கதையில் லூயிசா தாம்பரம் பஸ்ஸில் ஏறியேவிட்டாள். இன்னொருவர் கதையில் ரயிலும் ஏறி விழுப்புரத்தில் இறங்கி ஒரு சிநேகிதரைச் சந்தித்தாள். பங்கஜம் மாமி, தம்பியைச் சங்கிலி போட்டுக் கட்டிலோடு கட்டி வைத்திருப்பதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டுவது தாம்புக் கயிற்றால் என்றார் அடுத்தவர். சங்கிலியா கயிறா என்று குழுவில் வாக்குவாதம் மூண்டது. பெரும்பான்மை சங்கிலிப் பக்கம் சாய்ந்தது.

லூயிசாவால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, அவனை ஒருநாளும் கட்டியதில்லை, கதவை மட்டும்தான் பூட்டுகிறேன், பஸ்ஸில் ஏறவில்லை, ஏறலாமா என்று நினைத்தேன், அவ்வளவுதான் என்று அழுகையும் ஆத்திரமுமாக முழுக்கச் சொல்லி முடித்தாள். சொன்னபிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது.  புகார்தாரரே தன் விருப்பத்தின் பேரில் பலர் முன்னிலையில் ரகசியத்தை வெளியிட்டார் என்று சுந்தரவல்லி குறித்துக்கொள்ளச் சொன்னார்.

என்றாலும் மன்றம் ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்கிற மன்றம் அல்ல. சம்பந்தப்பட்ட இன்னொரு ஆளான தம்பியை இதுவரை யாரும் கேட்கவில்லையே என்று டாக்டர் ராஜகோபாலன் எழுப்பிய கேள்வி எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. குழு நேரில் போய் விசாரிப்பது என்று தீர்மானித்தார்கள். வரவேண்டாம் என்று லூயிசா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு நன்றியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாந்தோமே தெருவில் நடமாடிக்கொண்டிருந்த வேளையில், மன்றத்தின் வேன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. ‘உளநல ஆலோசனை மன்றம், ரகசியம் காக்கப்படும்’ என்று அதன் இரண்டு பக்கமும் தூரத்திலிருந்தே தெரிகிற எழுத்தில் எழுதியிருந்தது. இறங்கின ஆட்களைப் பார்த்து, எலெக்‌ஷனுக்கு வந்திருக்கிறார்கள் என்று முதலில் கூட்டம் சேர்ந்தது. பிறகு விஷயம் தெரிந்து இன்னும் சேர்ந்தது. சரோஜாதேவி முன்போர்ஷன் படியில் வந்து நின்றாள். இது யார் வீட்டு விசேஷம் என்று அவள் கேட்டதற்கு, பின்னறையில் இருக்கிற மனநோயாளியைப் பார்க்க வந்திருக்கிறோம், நீங்கள் பதற வேண்டாம் என்று சுந்தரவல்லி விளக்கமாகப் பதில் சொன்னார்.

லூயிசா வாசலை மறித்துத்தான் நின்றாள். அவளைத் தோளில் தட்டிக்கொடுத்து விலக்கிவிட்டு உள்ளே போனார்கள். வால்டர் தரையில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். கோயிலுக்குப் போவதில்லையென்றாலும் ஞாயிறென்றால் வெள்ளைச் சட்டை போட்டு எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொள்வான். இத்தனை பேர் ஒரே நேரத்தில் நுழைந்ததைப் பார்த்து மிரண்டு, முறத்தையும் இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான். யார் முதலில் பேசுவது என்று அவர்களுக்குள் சிறு மரியாதைப் போட்டி நடந்தது. டாக்டர் வேட்டியை மடித்துக்கொண்டு அவன் எதிரில் குந்தினார். குரலில் தேன் வழிய, அந்தப் பயிற்சிக் குரலில், கேட்டார்.

“உங்க அக்கா ஒருநாள் உங்களை இங்க வெச்சுப் பூட்டிட்டு, திரும்பி வராமலே போயிடலாம்னு நெனச்சா. உங்களுக்கு அது தெரியுமோ? இப்போ கேக்கறச்சே மனசுல என்ன தோண்றது?”

வால்டரின் கை அரிசியில் அப்படியே நின்றது. டாக்டரைப் பார்க்கவில்லை. நிலைப்படியில் நின்ற லூயிசாவைப் பார்த்தான். அவள் அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். சுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்ட குழுவினர் பதிலுக்காக ஆவலோடு குனிந்தார்கள். அவன் எதுவும் சொல்லாமல் மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தான். மௌனமும் ஒரு பதில்தான் என்றார் டாக்டர். மிக நல்ல பதில் என்றார்.

மனிதர்கள் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போய்விடலாம். அந்த அறையில் இருந்த அத்தனை முகத்திலும் புண்ணியம் செய்கிற களை இருந்தது. அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

கருணாகரன் வெளி நடையில் நின்று, தெருச்சனத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, மேடைத் தமிழில் தீர்ப்புச் சொன்னார். “ரகசியம் என்பது யாது? சிலர் அறிந்தது, பலர் அறியாதது. இதோ, இந்த வீட்டில் இப்படி ஒரு சகோதரர் இருப்பதை இந்தத் தெருவே அறிந்திருப்பதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். ஊரறிந்த ஒன்றை ரகசியம் என்று ஒப்புக்கொள்ள இயலாது. இல்லாத ரகசியத்தை டாக்டர் எவ்வாறு வெளியிட்டிருக்க முடியும்? ஆகவே புகார் தள்ளுபடி செய்யப்படுகிறது. ஆயினும் அம்மையாருக்கு மன்றத்தின் கதவு, குறிப்பாகப் பின்கதவு, என்றென்றும் திறந்தே இருக்கும்.” கூட்டத்தில் யாரோ பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள்.

டாக்டர் லூயிசாவை ஒரு ஓரமாகக் கூப்பிட்டார். தன் மேல் புகார் கொடுத்ததற்காக அவருக்கு வருத்தமே இல்லை. ஆண்டுவிழாவுக்கு டெல்லியிலிருந்தெல்லாம் பெரியவர்கள் வருகிறார்களாம். அங்கே இந்த விஷயத்தை விரிவாகப் பேச அவள் சம்மதம் வேண்டுமாம்.

“இந்தத் தடவை பூவையும் மாத்திடறேன்” என்றார்.

லூயிசா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அறை வாசலில் வந்து நின்று, நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிற தன் வகுப்புக் குரலில், “எல்லாரும் எழுந்திருங்க. வாயப் பொத்திக்கிட்டு வரிசையா வெளிய போங்க” என்றாள். என்ன ஏது என்று யோசிப்பதற்குள் குழுவினர் எழுந்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகளும் சுந்தரவல்லியும் ஒருவர் பின் ஒருவராகப் போய் வேனில் ஏறினார்கள். தலைவர் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டு வரிசையைக் கலைத்தார்.

வேன் போனபிறகும் கூட்டம் கலையவில்லை. சரோஜாதேவி கிட்டே வந்து, முகத்தைப் பார்க்காமல், மாசக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி சொன்னாள். பெண்பிள்ளைகள் இருக்கிற வீடு, தப்பாக நினைக்காதீர்கள் டீச்சர் என்றாள். லூயிசா சரி என்றாள். திருவான்மியூர்ப் பக்கம் இன்னும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், மன்றத்தின் பேச்சு அங்கே போய்ச் சேரக் கொஞ்ச காலம் பிடிக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

வால்டர் அரிசியைப் பொறுக்கி முடித்திருந்தான். கற்களைத் தனியே ஒரு காகிதத்தில் சேர்த்துவைத்திருந்தான். அவள் எதிரே உட்கார்ந்தாள். அது ஒரே ஒரு நாள்தான், ஒரே ஒரு நிமிஷம்தான் என்று சொல்ல நினைத்தாள்.  அவன்தான் பேசினான், சுவரோடு பேசுகிற அதே மெதுவான குரலில்.

“போறன்னிக்கு எங்கிட்ட சொல்லிட்டுப் போக்கா. இல்லாங்காட்டி வருவ வருவன்னு கதவையே பாத்துக்கினு இருப்பேன்.”